கங்கன் ஆடிய ஆட்டம்

சதுரங்கம் ஆடுகிறவர்களிடம் ஸ்ட்ராட்டிகோவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தினுசாகப் புன்னகை செய்கிறார்கள். மேல் மூடியில் வர்ணப் படம் ஒட்டி, பொம்மைக் கடையில் பிள்ளைகளுக்கென்று அடுக்கி வைத்திருக்கிற ஒரு பெட்டியைப் பற்றி வயது வந்தவர்கள் விவாதிப்பதாவது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சதுரங்கம் கணக்குப் போடுகிறவனுடைய ஆட்டம். ஸ்ட்ராட்டிகோ கதை எழுதுகிறவனுடைய ஆட்டம். இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை. இரண்டாவதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

சதுரங்கத்தில் எல்லாம் வெட்ட வெளிச்சம். எதிராளியின் ராணி எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்பதுதான் மர்மம். நம்முடைய ஆடுபுலி ஆட்டமும் அப்படித்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு, எது எது என்று தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்ட்ராட்டிகோவில் மர்மம் பலகையின் மேலேயே நிற்கிறது. பத்துக்குப் பத்து என்று நூறு கட்டம். நடுவே காய் நுழைய முடியாத இரண்டு ஏரிகள். ஒவ்வொருவனுக்கும் நாற்பது காய். எல்லாவற்றிற்கும் முதுகு ஒரே மாதிரி. முகத்தில்தான் பதவி எழுதியிருக்கிறது. முகத்தை நம் பக்கம் திருப்பி, முதுகை எதிராளிக்குக் காட்டி, நான்கு வரிசையாக அவரவர் இஷ்டப்படி நிறுத்திக்கொள்கிறோம். மார்ஷல் ஒருவர், ஜெனரல் ஒருவர், கர்னல் இருவர், மேஜர் மூவர், காப்டன், லெப்டினன்ட், ஸார்ஜென்ட் வகைக்கு நான்கு, கண்ணிவெடி எடுக்கிறவர்கள் ஐந்து, வேவுக்காரர்கள் எட்டு, ஒற்றன் ஒருவன். இந்த முப்பத்து மூன்றும் நகரும். ஆறு வெடிகளும் ஒரு கொடியும் வைத்த இடத்தை விட்டு அசையா. எதிராளியின் கொடியைக் கண்டுபிடித்துத் தொட்டால் ஜயம். அவனுக்கு நகர்த்தக் காயே இல்லாமல் செய்துவிட்டாலும் ஜயம்தான்.

மோதும்போது இருவரும் முகத்தைக் காட்ட வேண்டும். பதவியில் சிறியவன் பலகையை விட்டுப் போவான். சமமாக இருந்தால் இருவரும் போவார்கள். வெடியின் மேல் மோதியவன், அதை எடுக்கத் தெரிந்தவனாக இல்லாவிட்டால், செத்தான். ஒற்றனை யார் தொட்டாலும் அவன் காலி. ஆனால் ஒற்றன் முந்திக்கொண்டு மார்ஷலைத் தொட்டால் மார்ஷல் காலி.

இதன் பூர்வோத்தரம் சுருக்கமாக. 1908-ல் ஹெர்மான்ஸ் எதான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, பதவி மறைத்த சிப்பாய்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டு ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். லதாக் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஸ்ட்ராட்டிகோ என்ற பெயர் 1942-ல் ஹாலந்தில் பதிவாயிற்று. ஜெர்மானியர்கள் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. முதுகை மட்டும் காட்டி நிற்கிற மனிதர்களைப் பற்றிய ஓர் ஆட்டம் அந்த வருஷத்தில், அந்த ஊரில் பெயர் பெற்றது தற்செயலாக இருக்கலாம். எனக்கென்னவோ அதைத் தற்செயல் என்று விட்டுவிட மனம் வருவதில்லை. 1961-ல் அமெரிக்காவுக்குப் போன பிறகு உலகம் பூராவும் பரவிவிட்டது. சீனத்திலும் இதன் தாயாதி ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆட்டக்காரர்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி பாய்கிறது. இன்னொரு கட்சி காத்திருக்கிறது. காத்திருக்கிற கட்சி தன் பக்கத்துக் காய்களைத் தொடுவதே இல்லை. விதி கட்டாயப்படுத்துவதனால் ஏதோ ஒரு காயை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டு, வருகிறவன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும். இந்தக் கட்சியை வெறும் கோழைகளின் கட்சி என்று தள்ளிவிடுவது எளிது. அவர்கள் தரப்பில் உள்ள நியாயத்தை முதலில் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆட்டத்தில் ஜயிப்பதற்கே ஓர் அபராதம் உண்டு. என் கர்னல் உங்கள் மேஜரை அடித்துவிட்டார் என்று வையுங்கள். மேஜர் போய்விட்டார், அது உங்களுக்கு நஷ்டம். ஆனால் பலகையில் மிச்சம் நிற்கிற என் கர்னல் இனிமேல் மர்மம் இல்லை. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஜெனரல் யார் என்று எனக்குத் தெரியாது. தோற்றவன் தன் இரகசியத்தோடு பெட்டிக்குள் போய்விட்டான். ஜயித்தவன் உடம்பில் துணியில்லாமல் நடுப் பலகையில் நிற்கிறான். மார்ஷலுக்கு இது இன்னும் விசேஷம். தான் மார்ஷல் என்று ஊருக்குத் தெரிந்த நிமிஷத்திலிருந்து அவர் எந்த அநாமதேயக் காயைக் கண்டாலும் இது அந்த ஒற்றனோ என்று பயப்பட வேண்டியிருக்கிறது. எல்லோரையும் அடிக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். எல்லோரிலும் அற்பமானவனுக்கு அஞ்ச வேண்டியவரும் அவர் ஒருவர்தான்.

நகர்வதற்கும் அபராதம் உண்டு. நகர்ந்த காய் வெடி அல்ல, கொடி அல்ல என்று நகர்ந்த அந்தக் கணமே எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது. நகராத காயோ எதுவாகவும் இருக்கலாம். ஒரு காப்டன் மூலையில் சும்மா நின்றால் அவரைச் சுற்றி வெடியின் மரியாதை ஒன்று படிகிறது. எதிராளியின் ஜெனரல் கூட வழி விலகிப் போகிறார்.

எங்கள் தெருவில் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். காத்திருக்கிற கட்சியில் அவரைவிடத் தீவிரமான உறுப்பினரை நான் கண்டதில்லை. இரண்டு ஏரிகளுக்கும் இடையே உள்ள சந்தில் ஒரே ஒரு காயை நடமாட விட்டுவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் அவரோடு ஆடிவிட்டு எரிச்சலோடு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அநேகமாகத் தோற்றுவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

ஒரு நாள் அவரிடம், “நீங்கள் ஆடவே மாட்டேன் என்கிறீர்களே, ஸார்?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கு ஸார் ஆடணும்? அதான் அவங்க ஆடறாங்களே!” என்றார்.

பதில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மோதுகிறபோது இருவரும்தான் முகத்தைக் காட்டுகிறார்கள் என்றேன். ஆனால் இருவரும் ஒரே விலை கொடுப்பதில்லை. மோதுகிறவன் தன்னுடைய எந்த முகத்தைக் காட்டுவது என்பதைத் தானே முடிவு செய்கிறான். எதிராளியின் எந்த முகத்தைப் பார்ப்பது என்பதையும் அவனே முடிவு செய்கிறான். மோதப்படுகிறவனுக்கு இந்த இரண்டு சுதந்திரமும் கிடையாது. எட்டு வேவுக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நேர்க் கோட்டில் ஓடி, ஒருவன் முகத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சாவதற்கு. அவன் சாவினால் எனக்கு அதிக நஷ்டமில்லை. அங்கே நிற்பது உங்கள் ஜெனரல் என்று தெரிந்துவிட்டால் உங்களுக்கு ஆட்டத்தில் பாதி போயிற்று. கேள்வி கேட்பதற்கு நான் செலவழித்தது ஒரு காலணா; பதில் சொன்னதில் உங்களுக்குப் போனது ஒரு கிராமம்.

காத்திருக்கிறவன் தன் எட்டு வேவுக்காரர்களையும் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்கிறான். ஆட்டத்தின் முடிவில் அவர்கள் கேட்பதற்குக் கேள்வியே இருப்பதில்லை. பணத்தைச் செலவழிக்காமலே செத்துப் போன கிழவரின் பெட்டியில் செல்லாத நோட்டுகள் இருந்தன என்று எப்போதாவது பத்திரிகையில் போடுகிறார்களே, அந்த மாதிரி.

மேலும், அவனுடைய மூலதனமான மர்மம் நாளுக்கு நாள் தேய்கிற சரக்கு. ஆறு வெடியும் ஒரு கொடியும்தான் அசையாதவை என்பது உலகறிந்த கணக்கு. இருபது காய் அசையாமல் நின்றால் அவற்றில் பதின்மூன்றாவது வேஷம் போடுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க ஆரியபட்டர் வர வேண்டியதில்லை. வேஷத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. எல்லோரும் வெடி வேஷம் போட்டால் எவனும் வெடியாக மாட்டான்.

ஆட்ட விதிகளை எழுதியவர்களுக்கும் இந்தக் கட்சியின் பேரில் அவ்வளவு பிரியம் கிடையாது. ஒரே காயை இரண்டே கட்டங்களுக்கு நடுவில் போகவும் வரவுமாக ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டால் இரண்டு பொறுமைசாலிகள் எதிரெதிரே உட்கார்ந்து சித்திரையிலிருந்து பங்குனி வரை ஆடுவார்கள்; ஒரு காயும் விழாது. காத்திருக்கிறவன் ஜயிப்பதற்குக்கூடக் காத்திராத ஒருவன் எதிரே வேண்டியிருக்கிறது என்பதை நண்பர் கவனித்ததாகத் தெரியவில்லை. எதிராளியின் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்டம் அது.

அப்படியானால் பாய்கிற கட்சிதான் சரியா? அதுவும் இல்லை. சமீபத்தில் நடந்த ஒரு விஷயம் இந்தப் பழைய சண்டையை வேறு வெளிச்சத்தில் காட்டிவிட்டது. சதுரங்கத்தில் கம்ப்யூட்டர் 1997-ல் காஸ்பரோவை வென்றது. கோ என்ற ஆட்டத்தில் 2016-ல் லீ ஸெடோலை வென்றது. ஸ்ட்ராட்டிகோ மட்டும் வெகு நாள் வசப்படாமல் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிறதைக் கணக்கிடுவதில் மன்னனான எந்திரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று புரியவில்லை. 2022-ல் டீப்மைண்ட் நிறுவனத்தார் டீப்நாஷ் என்று ஒன்றைச் செய்தார்கள். மனித ஆட்டம் எதையும் காட்டிப் பழக்காமல், தனக்குத் தானே ஆடவிட்டே அதைத் தேற்றினார்கள். கிராவன் என்ற தளத்தில் தேர்ந்த மனிதர்களோடு ஐம்பது ஆட்டம் ஆடி, நூற்றுக்கு எண்பத்து நான்கு வீதம் அது ஜயித்தது.

எண்ணிக்கையைவிட அது ஆடிய விதம்தான் எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் அது ஆரம்பத்திலேயே ஒரு மேஜரையும் ஒரு கர்னலையும் பறிகொடுத்தது. காய்க் கணக்கு பார்க்கிறவன் தோல்வி என்றுதான் எழுதுவான். ஆனால் அதற்குப் பதிலாக எதிராளியின் மார்ஷல், ஜெனரல், ஒரு கர்னல், இரண்டு மேஜர் எல்லாரும் முகம் தெரிந்துவிட்டார்கள். எந்திரத்தின் பெரிய மனிதர்கள் இன்னும் முக்காட்டுக்குள் இருந்தார்கள். தனக்கு ஜயிக்க நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று அது மதிப்பிட்டது, ஜயிக்கவும் செய்தது. இன்னோர் ஆட்டத்தில் ஒரு வேவுக்காரப் பயலை விட்டு எதிராளியின் கர்னலைத் துரத்தியது. கர்னலையே துரத்துகிறானே, இவன் மார்ஷலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த மனிதர், மார்ஷலைக் கொல்லத் தன் ஒற்றனைப் பதுங்க வைத்தார். ஒற்றன் வெளியே வந்தான், மடிந்தான். எந்திரம் பணயம் வைத்தது ஒரு வேவுக்காரனை மாத்திரமே.

இதை எந்தக் கட்சியில் சேர்ப்பது? தன் சின்னக் காய்களில் அது பாய்கிறது. தன் பெரிய காய்களில் காத்திருக்கிறது. அற்பத்தைச் செலவழித்து அருமையை மறைக்கிறது. கட்சி பிரிக்கிற நாம் கோட்டைத் தப்பான இடத்தில் போட்டுக்கொண்டிருந்தோம் என்று ஆகிறது. நகர்கிறானா, நகராமல் இருக்கிறானா என்பது கேள்வி அல்ல. தன்னைப் பற்றி எதிராளி அறிந்துகொள்வதை அவன் தானே நடத்துகிறானா, அல்லது அது அவனுக்கு நேர்கிறதா என்பதுதான் கேள்வி.

சீட்டாட்டக்காரர்களுக்கு இது புதிய சமாசாரம் அல்ல. 1944-ல் வான் நாய்மன், மார்கன்ஸ்டர்ன் இருவரும் எழுதிய பெரிய புத்தகத்தில் போக்கர் ஆட்டத்தின் பொய்வீச்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒன்றுமில்லாதபோது மிரட்டுவது அந்தக் கையை ஜயிப்பதற்காக மாத்திரம் அல்ல. நல்ல கை இருக்கும்போது எதிராளி நம்பாமல் பணம் கட்ட வேண்டும் என்பதற்காகவும்தான். எப்போதும் நிஜமே காட்டுகிறவனின் மௌனமும் நிஜத்தையே காட்டிவிடும். நம் பக்கத்து இருபத்தெட்டு ஆட்டத்தில் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுகிறார்களே, அங்கேயும் இதே பேரம்தான். கேட்ட இனம் கையில் இல்லாதவன் துருப்பைத் திறக்கச் சொல்லலாம். சொன்னால் அவனுக்கு மட்டும் அல்ல, மேஜையில் உள்ள நாலு பேருக்கும் தெரிந்துவிடும். வாய் திறக்கிற வேளையைக் கணிக்கிறவன்தான் அங்கே ஆட்டக்காரன்.

இனி என் மனசில் வெகு நாளாக இருக்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பதவி மறைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதில் மிகச் சிறந்தது விராட பர்வம் என்பது என் கட்சி.

நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் வனவாசம். பதின்மூன்றாவது வருஷம் யாரும் கண்டுகொள்ளாமல் வாழ வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டால் முதலிலிருந்து மறுபடியும் பன்னிரண்டு வருஷம். மார்ஷலும் ஜெனரலும் கர்னல்களும் முதுகைத் திருப்பிக்கொண்டு மத்ஸ்ய தேசத்துக்குள் நிற்கிறார்கள். பீமன் மடைப்பள்ளியில், அர்ஜுனன் பெண்களுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிற பிருகந்நளையாக, நகுல சகதேவர்கள் குதிரை லாயத்திலும் மாட்டுக் கொட்டிலிலும், திரௌபதி ராணிக்குத் தலை வாரிவிடுகிற ஸைரந்திரியாக. தருமபுத்திரனோ கங்கன் என்று பெயர் வைத்துக்கொண்டு அரசனோடு சூதாடுகிற உத்தியோகம் பார்க்கிறான். சூதில் எல்லாவற்றையும் தோற்றவன், தோற்றதன் தண்டனையைச் சூதாடியே கழிக்கிறான். வியாசரிடம் இப்படிப்பட்ட குறும்புகள் நிறைய உண்டு.

கங்கன் காத்திருக்கிற கட்சி. அவனுக்கு அதற்கு நியாயமும் இருக்கிறது. என் தபால் இலாகா நண்பருக்கு இல்லாதது அவனுக்கு இருக்கிறது, அதுதான் கெடு. இன்ன தேதியோடு ஒளிவு முடிந்தது என்று ஒரு நாள் குறித்திருந்தால் சும்மா இருப்பதும் ஒரு முன்னேற்றமே. ஒவ்வொரு அஸ்தமனமும் ஒரு காயை வெட்டியதற்குச் சமானம். ஸ்ட்ராட்டிகோவில் அப்படி நாள் குறித்திருக்கவில்லை. அதனால்தான் அங்கே காத்திருப்பது பெரும்பாலும் காத்திருப்பதாக மட்டும் முடிகிறது.

பத்து மாதம் போகிறது. கீசகன் வருகிறான். ராஜ சபையில், எல்லோரும் பார்க்க, ஓடி வந்த திரௌபதியைப் பிடித்து உதைக்கிறான். கங்கன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பீமனும் இருக்கிறான், வெளியே நிற்கிற மரத்தைப் பார்க்கிறான். பிடுங்கி அடித்துவிடுவான் போலிருக்கிறது. கங்கன் சமையற்காரனிடம் விறகு வேண்டுமானால் வேறெங்காவது போய் வெட்டிக்கொள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லி அடக்கிவிடுகிறான். திரௌபதியையும் உள்ளே போகச் சொல்லி அனுப்பிவிடுகிறான்.

ஆட்டம் என்ற அளவில் பார்த்தால் கங்கன் செய்தது அப்பழுக்கில்லாத முடிவு. சபை நடுவில் பீமன் மரத்தைப் பிடுங்கியிருந்தால் மறுநாள் அஸ்தினாபுரத்துக்குச் செய்தி போயிருக்கும். பத்து மாதம் மண்ணாகியிருக்கும். கங்கன் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கின் ரொக்கத்தை யார் எண்ணி வைத்தார்கள்? கங்கன் வைக்கவில்லை. உதைபட்டவள் வைத்தாள். காத்திருக்கிறவனுடைய பொறுமையைப் பாராட்டுகிறவர்கள் அந்தப் பொறுமைக்கு எவர் பெயரில் பற்று எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. டால்ஸ்டாயின் குதூஸாவ் மேல் எனக்குள்ள மனத்தாங்கலும் இதுதான். 1812-ல் மாஸ்கோவை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்வாங்கிக் காத்திருந்து நெப்போலியனைத் தீர்த்த கிழவரை டால்ஸ்டாய் ஒரு ஞானியாகவே ஆக்கிவிடுகிறார். ஞானிதான், மறுக்கவில்லை. எரிந்தவை பிறருடைய வீடுகள்.

திரௌபதி கங்கனிடம் வாதாடிப் பொழுதைப் போக்கவில்லை. அன்றிரவே மடைப்பள்ளிக்குப் போய் பீமனை எழுப்புகிறாள். பிறகு நடந்ததில்தான் நான் மேலே சொன்ன சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. பீமன் அடிக்கிறான், ஆனால் முகம் காட்டாமல் அடிக்கிறான். இரவு நேரம், ஆள் நடமாட்டமில்லாத நடன சாலை, ஸைரந்திரி வருவாள் என்று கீசகன் எதிர்பார்த்திருக்கிற இடம். விடிந்து பார்த்தால் கை கால் தெரியாத ஒரு மாமிச உருண்டை கிடக்கிறது. செய்தது யார்? ஸைரந்திரிக்குக் காவலாக இருக்கிற கந்தர்வர்கள். செயல் ஊருக்குத் தெரிந்தது, செய்தவன் தெரியவில்லை.

சீனத்துத் தாயாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இங்கே பொருந்துகிறது. அந்த ஆட்டத்தில் மூன்றாவதாக ஒரு நடுவர் உட்காருவதுண்டு. இரண்டு காய்கள் மோதினால் அவர் மட்டும் இரண்டு முகத்தையும் பார்த்து, தோற்றதை எடுத்துவிடுவார். ஜயித்தவனின் பதவி எதிராளிக்குத் தெரியாது. தோற்ற தன் காய் எது என்பதிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஜயித்தவனுக்கு அங்கே உடுதுணி மிஞ்சுகிறது. இந்த ஒரு மாறுதலால் பாய்ச்சல் எவ்வளவு மலிவாகிவிடுகிறது என்று பார்த்தால், ஐரோப்பிய ஆட்டத்தில் காத்திருக்கிறவர்கள் பெருகியதற்கு மனித சுபாவம் மட்டும் காரணமல்ல, ஒரு விதியும் காரணம் என்பது புரியும்.

ஆனால் முகம் மறைந்தாலும் ஊகம் மறைவதில்லை. கீசகன் செத்தான் என்ற செய்தி போனதும் துரியோதனன் கணக்குப் போடுவதைப் பாரதம் சொல்கிறவர்கள் விஸ்தாரமாகச் சொல்வார்கள். கீசகனைத் தோள்பலத்தால் கொல்லக் கூடியவர்கள் உலகில் இத்தனை பேர்தான். அவர்களில் இருக்கிற இடம் தெரியாதவன் ஒருவன்தான். ஆகவே அவன் அங்கே இருக்கிறான். எந்திரம் போடுகிற கணக்கும் இதுவே. மாடு பிடிக்கப் படை வருகிறது. வருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பீமன் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா மாடே போயிருக்காதே, ஸார்” என்றார். மாடு போயிருக்காது என்பது வாஸ்தவம். அதற்குமேல் அவரோடு நான் பேசவில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சொந்த சங்கதி இருக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்பது முதுகைக் காட்டி நிறுத்திய நாற்பது காய்தான். யார் யாருடைய பிள்ளை, கடிதத்தை எரித்தது எவள் என்பதையெல்லாம் ஆசிரியன் அறிவான், வாசகர் அறியமாட்டார். இந்த வித்தியாசத்தையே கதை என்று நினைத்துக்கொண்டு, முப்பது வாரம் எதையும் அசைக்காமல் வைத்திருக்கிறவர்கள் நம்மில் அநேகர். வாரா வாரம் கதாநாயகி எதையோ சொல்ல வாயெடுப்பாள், கதவு தட்டப்படும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஒரே காயைப் போகவும் வரவும் விடுவது என்பது இதுதான். ஸ்ட்ராட்டிகோவில் இதற்கு விதி இருக்கிறது. பத்திரிகை ஆபீஸில் இல்லை. கடைசி வாரத்தில் மர்மம் உடையும்போது வாசகருக்கு ஆச்சரியம் வருவதில்லை. அசையாமல் நின்றதெல்லாம் வெடியாக இருக்க முடியாது என்று அவர் பதினைந்தாவது வாரத்திலேயே எண்ணி முடித்துவிட்டார்.

நல்ல நாவலாசிரியன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் எதையாவது கொடுத்துவிடுகிறான். தாராளமாக, கை கூசாமல் கொடுக்கிறான். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டிருக்கிற வாசகர், கொடாதது ஒன்று இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறார். வியாசர் அப்படித்தான் செய்கிறார். விராட நகரத்தில் யார் யார் எந்த வேஷம் என்பதை முதலிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார், ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. இருந்தும் அந்தப் பர்வத்தின் முடிவுக்குக் கிட்டத்தில் நாம் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

கெடு முடிந்துவிட்டது. மாடுகளை மீட்டுக்கொண்டு உத்தரன் வெற்றியோடு வருகிறான் என்ற செய்தியும் வந்துவிட்டது. விராடன் சந்தோஷத்தில் கங்கனைச் சூதுக்கு அழைத்துக்கொண்டு, என் பிள்ளை கௌரவர்களை ஜயித்தான் பார்த்தாயா என்கிறான். ஒரு வருஷம் வாயைத் திறக்காத கங்கன் இப்போது திறக்கிறான். பிருகந்நளை தேர் ஓட்டினால் ஏன் ஜயிக்கமாட்டான் என்கிறான். அரசனுக்குக் கோபம் வருகிறது. கங்கன் நிறுத்தவில்லை; பிருகந்நளையைப் பற்றியே மறுபடியும் பேசுகிறான். ஆத்திரத்தில் விராடன் கையிலிருந்த பகடையை அவன் முகத்தில் வீசி அடிக்கிறான். மூக்கிலிருந்து இரத்தம் வருகிறது. கங்கன் அதைக் கீழே விழாமல் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிற திரௌபதியைப் பார்க்கிறான். சபையில் தான் உதைபட்டபோது அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் அவள். அவன் பார்வையைப் புரிந்துகொண்டு, ஜலம் நிறைந்த ஒரு பொற்பாத்திரத்தை எடுத்து வந்து, அந்த இரத்தம் சொட்டுக்கூடத் தரையில் விழாமல் பிடித்துக்கொள்கிறாள்.